மாத்திரைக்கும் ஒரு வக்து உண்டு

  



உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் புறப்படுகிறவர்களுக்குப் பள்ளியில் விளக்கக் கூட்டம் நடத்தும்போது கேள்விகள் நிறைய வரும். இஹ்ராமில் வாசனை சோப்பு போடலாமா? விமானத்திலேயே நிய்யத் வைக்க வேண்டுமா? தவாஃபில் எத்தனையாவது சுற்று என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வது? எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அந்தச் சபையில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். சுகர், பிரஷர், இருதயம், தைராய்டு என்று ஆளுக்கொரு பை மாத்திரை வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு கேள்வி வராது.

ஒருமுறை வந்தது. ஒரு பெரியவர் எழுந்து, "ஹள்ரத், பயணத்துல ரெண்டு வக்து தொழுகைய ஜம்உ பண்றோமே, அந்த மாதிரி ரெண்டு வேளை மாத்திரையையும் ஒண்ணாப் போட்டுக்கலாமா?" என்று கேட்டார். சபையில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. ஏர்போர்ட், விமானம், பஸ், ஹோட்டல் என்று ஒரு பகலும் இரவும் போய்விடுமே, நடுவில் எங்கே மாத்திரையைத் தேடுவது என்பது அவருடைய கவலை. அந்தக் கேள்வியை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்க்கத்தில் பழகிய ஒரு மனிதர், தனக்குத் தெரிந்த சட்டத்தை வைத்துத் தெரியாத ஒன்றை அளக்கப் பார்க்கிறார். நம்மில் பலரும் அப்படித்தான் செய்கிறோம். அந்த அளவுகோல் இங்கே பொருந்துமா என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

தொழுகை, நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தின் 103ஆம் வசனத்தில் சொல்கிறான். அந்த நேரத்தைக் காட்டுவது சூரியன். நீங்கள் எந்த ஊரில் நிற்கிறீர்களோ அந்த ஊர்ச் சூரியன். சென்னையில் சுப்ஹு தொழுதுவிட்டு விமானம் ஏறி ஜித்தாவில் இறங்கினால், ஜித்தாவின் ளுஹர்தான் உங்களுக்கு ளுஹர். நம் ஊரில் இந்நேரம் அஸர் ஆகியிருக்குமே என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது.

மாத்திரைக்குச் சூரியனைத் தெரியாது. அது உள்ளே போய்க் கரைந்து, ரத்தத்தில் கலந்து, இத்தனை மணி நேரம் வேலை செய்துவிட்டுக் கழிந்துபோகும். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மருத்துவர் எழுதித் தந்தால், கடைசியாகப் போட்டதிலிருந்து 12 மணி நேரம் என்று அர்த்தம். நீங்கள் மேற்கே பறந்தாலும் கிழக்கே பறந்தாலும் உங்கள் ரத்தம் அந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளாது.

சூரியனை வைத்துக் கணக்கிட முடியாதபோது மணியை எண்ணிக் கணக்கிடும் வழக்கம் நம் மார்க்கத்துக்குப் புதிதல்ல. தஜ்ஜாலுடைய காலத்தைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அவனுடைய நாட்களில் ஒன்று ஒரு வருடத்தைப் போல நீளும் என்றார்கள். அப்போது ஸஹாபாக்கள் கேட்டது என்ன தெரியுமா? அந்த ஒரு நாளுக்கு ஒரு நாள் தொழுகை போதுமா என்று. போதாது, அதன் அளவை மதிப்பிட்டுக் கொள்ளுங்கள் என்ற கருத்தில் பதில் வந்தது. முஸ்லிம் கிரந்தத்தில் நவ்வாஸ் பின் ஸம்ஆன் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நீண்ட ஹதீஸ் இது. துருவப் பகுதியில் மாதக்கணக்கில் சூரியன் மறையாத ஊர்களுக்கு இன்றைய அறிஞர்கள் சட்டம் எடுப்பது இதிலிருந்துதான். 2007 அக்டோபரில், ரமளான் மாதத்தில், மலேசியாவைச் சேர்ந்த ஷேக் முஸஃபர் ஷுகூர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். அந்த நிலையம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவிடும். ஒரு நாளில் 16 முறை சூரியன் உதிக்கும். 80 வக்து தொழ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவர் புறப்பட்ட இடத்தின் நேரத்தைக் கொண்டு கணக்கிட்டுக் கொள்ளலாம் என்று அந்நாட்டு அறிஞர்கள் வழிகாட்டினார்கள்.

ஆக, சூரியன் நீண்டால் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள் என்பது நமக்குச் சொல்லித் தரப்பட்ட பாடம். நெடும்பயணத்தில் மாத்திரைக்கு வேண்டியது அந்தப் பாடம்தான்.

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். ஷாஃபிஈ மத்ஹபில் முஸாஃபிர் ளுஹரையும் அஸரையும், மஃக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டும். எப்படியானாலும், அது அல்லாஹ் கொடுத்த சலுகை. தொழுகையை விதித்தவன் அவன், சேர்த்துக்கொள்ள அனுமதித்தவனும் அவன். இரண்டு தொழுகையைச் சேர்த்தால் உங்களுக்கு ஒரு கெடுதியும் வராது. இரண்டு வேளை இன்சுலினைச் சேர்த்துப் போட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி மயங்கி விழுவீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையை இரண்டு வேளைக்குச் சேர்த்துப் போட்டால் உள்ளே ரத்தம் கசியலாம். மாத்திரையில் ஜம்உ இல்லை.

களாவும் இல்லை. இது இன்னும் நுட்பமானது. நாம் கடன் என்றால் அடைத்தே தீர வேண்டும் என்று வளர்ந்தவர்கள். தவறிய தொழுகை கடன். தவறிய நோன்பு கடன். அதே மனப்பழக்கத்தில், தவறிய மாத்திரையையும் ராத்திரி சேர்த்து "களா" செய்துவிடுகிறார்கள். பெரும்பாலான மருந்துகளுக்கு வழி இதுதான்: மறந்தது சீக்கிரமே நினைவுக்கு வந்தால் போட்டுக்கொள்ளுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டதை விட்டுவிட்டு அடுத்ததை அதன் நேரத்தில் போடுங்கள். உங்கள் மருந்துக்கு அந்த எல்லை எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். சவூதி நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே காலை 8 மணி என்றால் மக்காவில் காலை 5.30. இரவு 8 மணி என்றால் அங்கே மாலை 5.30. நம் ஊர்க் கணக்கையே வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு இது சிரமமே இல்லை. சுப்ஹை ஒட்டி ஒன்று, மஃக்ரிபுக்கு முன்பின்னாக ஒன்று. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பிரஷர் மாத்திரை போடுகிறவர் அங்குள்ள காலை நேரத்துக்கே மாறிக்கொண்டாலும் இரண்டரை மணி நேரத்தால் பொதுவாக ஒன்றும் ஆகிவிடாது.

அமெரிக்காவில் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களின் கதை வேறு. நியூயார்க் பக்கம் குளிர்காலத்தில் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். சென்னையில் இரவு 9 மணிக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் போட்டுவிட்டுக் கிளம்பியவர், அங்கே போய் மறுநாள் அவர்கள் இரவு 9 மணி வரை காத்திருந்தால் நடுவில் முப்பத்து நாலரை மணி நேரம் கடந்திருக்கும். திரும்பி வரும்போது அதைவிட ஆபத்து. அங்கே இரவு 9 மணிக்குப் போட்டுவிட்டுப் புறப்பட்டால், பதிமூன்றரை மணி நேரத்திலேயே சென்னையில் அடுத்த இரவு 9 மணி ஆகிவிடும். கடிகாரத்தைப் பார்த்துப் போட்டால் பதிமூன்றரை மணி நேர இடைவெளியில் இரண்டு நாள் மருந்து உள்ளே போகும். மேற்கே போனால் நாள் நீளும், கிழக்கே வந்தால் நாள் சுருங்கும். இதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது புரிந்துவிடும். சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலினோ சாப்பாட்டைத்தான் பின்தொடர வேண்டும். விமானத்தில் தட்டு உங்கள் முன்னால் வந்த பிறகுதான் ஊசி.

செல்போனில் அலாரம் வைத்திருக்கிறேன் என்பார்கள். அந்த போன் ஜித்தாவில் இறங்கியதும் தானாக அந்த ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். காலை 8 மணி அலாரம் சவூதியின் 8 மணிக்குத்தான் அடிக்கும். நீங்கள் நம் ஊர்க் கணக்கில் இருக்க நினைத்திருந்தால் அது இரண்டரை மணி நேரம் தாமதம். நான் சொல்வது பழைய காலத்து யோசனை: கையில் கட்டும் கடிகாரத்தை வீடு திரும்பும்வரை நம் ஊர் நேரத்திலேயே விட்டுவிடுங்கள். தொழுகைக்குத்தான் ஹரமில் பாங்கு ஒலிக்கிறதே, அதற்குக் கடிகாரம் வேண்டாம். ஒரு சிறு காகிதத்தில் கடைசியாகப் போட்ட நேரத்தை மட்டும் எழுதுங்கள். தவாஃபின் சுற்றை விரலில் எண்ணுகிறவருக்கு இது பெரிய வேலையா?

சரி, இதெல்லாம் மருத்துவமனையில் சொல்ல வேண்டிய பேச்சு, மிம்பரில் ஏன் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குள்ளே மார்க்கக் கேள்வி ஒன்று இருக்கிறது: புனிதப் பயணத்தில் இருக்கும் ஒருவர், அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று மாத்திரையை விட்டுவிட்டால் அது தவக்குலா, தவறா?

விடலாம் என்கிறவர்களிடம் ஆதாரம் இல்லாமல் இல்லை. அதை மறைத்துவிட்டுப் பேசுவது எனக்குப் பிடிக்காது. வலிப்பு நோயுள்ள ஒரு கறுப்பினப் பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆ கேட்டார்கள். பொறுத்துக்கொண்டால் சுவனம், வேண்டுமானால் துஆச் செய்கிறேன் என்று இரண்டு வழியைக் காட்டினார்கள். அந்தப் பெண்மணி பொறுமையைத் தேர்ந்தெடுத்தார்கள். வலிப்பு வரும்போது தன் ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆச் செய்யச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ். ஓதிப் பார்க்கச் சொல்லாமல், சூடு போட்டுக்கொள்ளாமல், இறைவனையே சார்ந்திருந்த எழுபதாயிரம் பேர் விசாரணையின்றிச் சுவனம் புகுவார்கள் என்ற ஹதீஸும் இருக்கிறது. இவற்றை வைத்து மருத்துவம் செய்வது கட்டாயம் அல்ல என்று முன்னோர்களில் பெரும் அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். மறுபக்கம், மருந்து தக்தீரை மாற்றுமா என்று கேட்கப்பட்டபோது, மருந்தும் அல்லாஹ்வின் தக்தீரில் உள்ளதுதான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னதை திர்மிதியில் பார்க்கிறோம். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று அவர்கள் ஏவிய ஹதீஸும் உண்டு.

இரண்டையும் எப்படிப் பொருத்துவது? இங்கே எனக்கு மிகவும் உதவியவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). அரபுக் கல்லூரியில் இஹ்யாவின் தவக்குல் பாடத்தைப் படித்தபோது அதன் கனம் எனக்கு விளங்கவில்லை. சுகர் பையோடு வரும் முதியவர்களைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. கெடுதியை நீக்கும் காரணங்களை அவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஒன்று உறுதியானது: தாகத்துக்குத் தண்ணீர், பசிக்கு ரொட்டி. இரண்டாவது, பலன் தரும் என்று பெரிதும் எதிர்பார்க்கப்படுவது: அன்றைய மருத்துவம் இதில் சேரும். மூன்றாவது வெறும் யூகம்: சூடு போடுவதும் ஓதிப் பார்ப்பதும். மூன்றாவதை விடுவது தவக்குலின் அடையாளம். இரண்டாவதைச் செய்வது தவக்குலுக்கு எதிரானதல்ல, விடுவதும் தடுக்கப்பட்டதல்ல. ஆனால் முதலாவதை விடுவது தவக்குலே அல்ல. சாவு வரும் என்ற அச்சம் இருக்கையில் அதை விடுவது ஹராம்.

இப்போது யோசியுங்கள். கஸ்ஸாலி இமாம் வாழ்ந்த காலத்தில் இன்சுலின் கிடையாது. 1921இல் கனடாவின் டொரண்டோவில் கண்டுபிடிக்கப்பட்டு, 1922 ஜனவரியில்தான் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் போடப்பட்டது. அதற்கு முன் அந்த வகை சர்க்கரை நோய் வந்த சிறுவர்கள் பிழைப்பதில்லை. உடலில் இன்சுலின் சுரக்காத ஒருவருக்கு இன்று அந்த ஊசி, தாகத்துக்குத் தண்ணீர் போல. சிறுநீரகம் மாற்றி வைத்தவர் போடும் மாத்திரை, வலிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை, செயற்கை வால்வு பொருத்தியவர் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, இவையும் இரண்டாம் வகையிலிருந்து முதல் வகைக்கு நகர்ந்துவிட்டன என்பது என் கருத்து. மருந்தின் நிலை மாறினால் அதை விடுவதன் சட்டமும் மாறும்.

இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி மருத்துவத்தின் சட்டத்தை ஆராய்ந்து, மருத்துவம் எல்லோருக்கும் ஒரே சட்டத்தில் வராது என்று தீர்மானித்தது. விட்டால் உயிரோ உறுப்போ போகும், அல்லது முடமாகும், அல்லது நோய் பிறருக்குப் பரவும் என்றால் அது வாஜிப். விட்டால் உடல் பலவீனப்படும், ஆனால் அந்த அளவுக்குப் போகாது என்றால் விரும்பத்தக்கது. அந்த இரண்டு நிலையும் இல்லையென்றால் ஆகுமானது. சிகிச்சையால் வரும் கேடு நோயைவிடப் பெரிதாக இருக்கும் என்றால் வெறுக்கத்தக்கது.

எனவே உங்கள் பையில் உள்ள ஆறு மாத்திரைக்கும் ஒரே ஹுக்மு இல்லை. அதில் இருக்கும் சத்து மாத்திரையை நான்கு நாள் மறந்தாலும் மார்க்கத்தில் உங்கள் மீது ஒன்றும் இல்லை. மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். அதே பையில் ஒன்று உங்களுக்குத் தண்ணீராக இருக்கலாம். எது எது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் பையோடு போய், "இதில் எதை ஒரு வேளைகூட விடக்கூடாது? எத்தனை மணி நேரம் தள்ளிப்போகலாம்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதும் இபாதத்தின் ஒரு பகுதி.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஒரு பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம். குளிப்பு கடமையாகிவிட்டது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உனக்குச் சலுகை இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துவிட்டார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவர்கள்தாம் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடுமையாகக் கோபப்பட்டார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்ற கருத்தில் சொன்னார்கள். அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு. கவனியுங்கள், கூட இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. தண்ணீரின் சட்டத்தில் பேணுதலாக இருந்தவர்கள். காயத்தின் சட்டம் அவர்களுக்குத் தெரியவில்லை. "சுகர் மாத்திரையா? ஜம்ஜம் குடிங்க பாய், எல்லாம் சரியாயிடும்" என்று ஹோட்டல் அறையில் ஆலோசனை சொல்கிறவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள்.

ஜம்ஜம் பரக்கத்தானது, சந்தேகமில்லை. எந்த நிய்யத்தில் குடிக்கிறோமோ அதற்கு அது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஹதீஸ் வருகிறது. ஷிஃபாவின் நிய்யத்தில் வயிறு நிறையக் குடியுங்கள். அந்த ஜம்ஜமைக் கொண்டே மாத்திரையை விழுங்குங்கள். இதில் ஏதாவது முரண்பாடு இருக்கிறதா?

இன்னொரு பேச்சும் உண்டு, கொஞ்சம் மெதுவாகத் தொட வேண்டியது. "அங்கேயே மவ்த்தானா அதைவிட என்ன பாக்கியம் ஹள்ரத்?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ரஸூலுல்லாஹ்வின் ஊரில் மவ்த்தைத் தரும்படி உமர் (ரலி) அவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள். அரஃபாவில் இஹ்ராமுடன் ஒட்டகத்திலிருந்து விழுந்து இறந்த ஸஹாபி, மறுமையில் தல்பியா சொன்னபடி எழுப்பப்படுவார் என்ற நற்செய்தி புகாரியில் இருக்கிறது. அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த ஸஹாபி விழுந்தார். தன்னை விழ வைத்துக்கொள்ளவில்லை. உமர் (ரலி) அவர்கள் கேட்டார்கள். அதற்காக ஒரு வேளை உணவைக்கூட நிறுத்தவில்லை. மனதின் ஓரத்தில் அந்த ஆசையை வைத்துக்கொண்டு, இருதய மாத்திரையைச் சும்மா "மறந்து" போகிறவர், தான் செய்வது மறதியா என்று தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கட்டளை அல்பகராவின் 195ஆம் வசனத்தில் இருக்கிறது. ஹரமின் எல்லைக்குள் போனதும் அந்தக் கட்டளை நீங்கிவிடுவதில்லை.

மாத்திரையை விடுவதற்கு அதிகம் பேருக்கு இருக்கும் காரணம் இதைவிடச் சாதாரணமானது: ஒளு. இருதயத்துக்கும் கால் வீக்கத்துக்கும் நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர்கள், அதைப் போட்டால் அடிக்கடி சிறுநீர் வரும், தவாஃபில் ஒளு முறிந்துவிடும், கழிப்பறை தூரம், கூட்டம் வேறு என்று அந்த மாத்திரையைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடுகிறார்கள். மக்காவின் வெயிலில்! நான்காவது நாள் கால் வீங்கி, மூச்சு வாங்கி, சக்கர நாற்காலியில் போகிறார்கள். தவாஃபின் நடுவே ஒளு முறிந்தால் ஒளு செய்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர ஷாஃபிஈ மத்ஹபிலும் வழி இருக்கிறது, ஹனஃபி மத்ஹபிலும் வழி இருக்கிறது. மார்க்கம் இலேசாக்கி வைத்ததை நாம் ஏன் உயிரை வைத்துக் கனமாக்க வேண்டும்? மாத்திரை போட்டபின் நீர் பிரிந்து ஓயும் சில மணி நேரத்தை அறையில் கழித்துவிட்டு அதன் பிறகு தவாஃபுக்குப் போகலாமா, நேரத்தை அதற்கேற்ப மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நிறுத்துவது வேறு, நேரத்தை மாற்றுவது வேறு.

பெண்களைப் பற்றி ஒரு விஷயம். நம் வீடுகளில் ஆண்களின் மாத்திரைக் கணக்கு யார் தலையில் இருக்கிறது? மனைவியின் தலையில். எந்த நிறம் காலைக்கு, எது சாப்பாட்டுக்கு முன் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். உம்ரா குழுக்களில் பல நேரம் ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு வேறு அறை, சிலசமயம் வேறு மாடி. முதல் நாளே கணக்கு அறுந்துவிடும். முப்பது வருடமாகத் தன் மாத்திரையின் பெயர்கூடத் தெரியாமல் இருந்தவர் அங்கே போய் விழிப்பார். உங்கள் உடலுக்கு உங்கள் மீது ஹக்கு உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது உங்களிடம். உங்கள் மனைவியிடம் அல்ல. புறப்படும் முன் ஒரு வாரம் நீங்களே எடுத்துப் போட்டுப் பழகுங்கள். நீங்கள் மயங்கி விழுந்தால் உங்களோடு மருத்துவமனையில் உட்காரப் போவதும் அந்தப் பெண்மணிதான். வாழ்நாள் முழுவதும் ஏங்கிப் பார்க்க வந்த கஅபாவை விட்டுவிட்டு, மொழி தெரியாத வராண்டாவில் அவர் உட்கார்ந்திருப்பார். என் உடம்பு, என் விருப்பம் என்று சொல்ல முடியாததற்கு எனக்கு இதைவிடப் பெரிய காரணம் தெரியவில்லை.

குழுவை அழைத்துப் போகும் ஹஜ் சர்வீஸ் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. லக்கேஜை நேராக ஹோட்டலுக்கு அனுப்பிவிடுகிறோம் என்று சொல்லும்போது, மாத்திரை கைப்பையில் இருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். இன்சுலினைச் சரக்குப் பகுதியில் போடவே கூடாது, அது உறைந்து கெட்டுப்போகலாம். வெயிலில் நிற்கும் பஸ்ஸில் விட்டாலும் கெடும். அட்டையிலிருந்து உதிர்த்து டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாமல், அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். வீரியமான வலி மருந்துகள், தூக்கத்துக்கும் மனநோய்க்கும் தரும் சில மருந்துகளுக்குச் சவூதியில் கட்டுப்பாடு உண்டு. முன்னதாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

ரமளான் உம்ராவுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோன்போடு சென்னையிலிருந்து மேற்கே பறந்தால் சூரியன் உங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஜித்தா போய்ச் சேர்ந்து நோன்பு திறந்தால் சென்னையில் திறப்பதைவிட ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் நோன்பு நீளும். கடிகாரத்தில் சென்னை நேரத்தைப் பார்த்து நடுவானில் திறக்க முடியாது. ஜன்னலில் சூரியன் தெரிந்தால் பகல்தான். ஆரோக்கியமானவருக்கு இது பெரிதல்ல. சஹரில் மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டு வந்தவருக்கு அந்த இரண்டே முக்கால் மணி நேரம் பெரிது. நோயாளிக்கும் முஸாஃபிருக்கும் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள அல்லாஹ்வே இடம் கொடுத்திருக்கிறான். நீங்கள் நோயாளியாகவும் முஸாஃபிராகவும் இருக்கிறீர்கள். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பார் என்று பார்க்காமல் சர்க்கரையை வாயில் போடுங்கள். அந்த நோன்பை ஊருக்கு வந்து களா செய்யலாம். இங்கே களா உண்டு. ஊசி போட்டால் நோன்பு முறியுமோ என்று பயந்து இன்சுலினை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். சத்துக்காக ஏற்றும் ஊசி அல்லாத மற்ற ஊசிகளால் நோன்பு முறியாது என்று அதே ஃபிக்ஹ் அகாடமி 1997இல் தீர்மானித்திருக்கிறது.

இந்த மாதம் நம் மஹல்லாவிலிருந்து இரண்டு குழுக்கள் புறப்படுகின்றன. ஜும்ஆவுக்குப் பிறகு பையோடு வாருங்கள். மருந்தைப் பற்றி நான் சொல்ல மாட்டேன், ஆனால் நேரக் கணக்கை எழுதித் தர நம் இளைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கண் சரியாகத் தெரியாதவர்களுக்குப் பெரிய எழுத்தில் எழுதித் தருவார்கள்.

யா அல்லாஹ், உன் இல்லத்தை நோக்கிப் போகிறவர்களை ஆஃபியத்தோடு கொண்டுபோய், ஆஃபியத்தோடு அவர்களுடைய பிள்ளைகளிடம் திருப்பிக் கொண்டு வந்து சேர்ப்பாயாக. அங்கே நோயுற்றுக் கிடப்பவர்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.